கல்லுப் பெண்ணுக்கு எண்ணெய் வைத்தது

ஜெர்மனியில், ஹம்பேர்க்கில் நான் கல்லுத் துடைத்துச் சம்பளம் வாங்கினேன். இதைச் சொன்னால் நம்முடைய ஆட்கள் சிரிப்பார்கள். அவர்கள் மட்டும் என்னவோ கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்துக் கிழித்த மாதிரி. ஒருவர் உணவகத்தில் சட்டி கழுவினார், ஒருவர் விடியப்புறம் பேப்பர் போட்டார், என்னுடைய இவர் மீன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். ஆனால் கல்லுத் துடைக்கிறவள் என்றதும் எல்லாருக்கும் பல் முப்பத்திரண்டும் தெரியும்.

“உந்த எஸ்கிமோ அம்மிக்கல்லுகளைத் துடைக்கவோ உமக்குச் சம்பளம் தருகினம்?” என்று இவரே கேட்பார்.

கடை அல்டோனாப் பக்கம் இருந்தது. கனடாவின் வடகோடியில், பனிக்குள் வாழும் சனங்கள் செதுக்கிய கற்சிலைகளை அங்கே விற்றார்கள். கடை என்று சொல்லக்கூடாது, கலைக்கூடம் என்று சொல்ல வேண்டும். எஸ்கிமோ என்றும் சொல்லக்கூடாது, இனுயிற் என்று சொல்ல வேண்டும். முதலாளியம்மா இரண்டையும் முதல் நாளே திருத்திவிட்டாள். இரண்டாவது திருத்தம் நியாயமானதுதான், அந்தச் சனங்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அதே முதலாளியம்மா வருகிறவர்களுக்கெல்லாம் என்னை “எங்கள் இந்தியப் பெண்” என்று காட்டுவாள். இலங்கை, இலங்கை என்று வருஷக்கணக்காகச் சொன்னேன். “ஓ, சிலோன், தேயிலை” என்று கண்ணை விரிப்பாள். மறுநாள் திரும்பவும் நான் இந்தியாக்காரி. பனிக்கட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கொடுத்த மரியாதை, காலடியில் நிலம் துடைக்கிறவளுக்குக் கிடைக்கவில்லை.

கல்லுகளுக்கு முன்னால் அவள் குரலைத் தாழ்த்திப் பேசுவாள். ஏதோ செத்தவீட்டுக்குள் வந்துவிட்டது மாதிரி. உருவம் கல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறதாம், கலைஞர் அதை விடுவிக்கிறாராம். வந்தவனுக்கெல்லாம் இதே கதைதான். எனக்கு அது மனப்பாடமாகி, வாளியைத் தூக்கும்போதே வாய்க்குள் ஓடும். வாங்க வருகிறவர்கள் பல் வைத்தியர்கள், வழக்கறிஞர்கள், அவர்களுடைய மனைவிமார். கரடியின் முதுகை இரண்டு விரலால் தொட்டு, கண்ணை மூடி, “ம்ம்” என்பார்கள். நான் அந்தக் கரடியை வாரம் இரண்டு தரம் தொட்டேன். எனக்கு ஒரு “ம்ம்”மும் வரவில்லை.

இந்தப் பம்மாத்தையெல்லாம் வாயைத் திறக்காமல் சகித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வசந்த காலம். இவர் வேலை செய்த பகுதியை மூடிவிட்டார்கள். மனிதர் வீட்டில் இருந்து தொலைக்காட்சிக்கும் எனக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். அதே நேரம் எங்கள் விசா முடியப் போனது. நீட்ட வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவருக்காவது நிரந்தர வேலை இருக்க வேண்டும், வேலை தொடரும் என்று முதலாளி கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அங்கே எங்களை வரச் சொல்லி ஒரு செவ்வாய்க்கிழமை டெர்மின் தந்திருந்தார்கள். கடிதத்தை நானே தட்டச்சு அடித்து வைத்திருந்தேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“கண்காட்சி முடியட்டும், இப்போது எனக்குத் தலையே இல்லை” என்றாள் முதலாளியம்மா. கண்காட்சி அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு ஒரே நாள்தான் நடக்க இருந்தது. மூன்று கிழமையாக அந்தப் பேப்பர் என் கைப்பைக்குள் கிடந்தது. இரண்டு பிள்ளைகள், ஒரு வீடு, எங்களுடைய இத்தனை வருஷம், எல்லாம் அவள் பேனையை எடுப்பதில் இருந்தது.

கண்காட்சி பெண்கள் செதுக்கிய சிலைகளுக்கு மட்டும். ஐந்து பெண்கள். ஆண்கள் வேட்டையைச் செதுக்குகிறார்கள், பெண்கள் தாய்மையைச் செதுக்குகிறார்கள் என்று முதலாளியம்மா ஒரு புதுக் கதை கட்டியிருந்தாள். பெட்டிகளைத் திறந்தபோது ஒரு பெண் மனித முகத்தோடு ஆந்தை செய்திருந்தார். இன்னொருவர் நாயை அடக்கும் ஒரு தடித்த பெண்ணைச் செய்திருந்தார், அந்தப் பெண்ணின் முகத்தில் தாய்மை மருந்துக்கும் இல்லை. அதையெல்லாம் யார் பார்த்தது?

எல்லாவற்றிலும் விலை கூடியது ஒன்றரைச் சாண் உயரப் பெண் சிலை. எதிர்க்காற்றில் குனிந்து நடக்கிறாள். முதுகுப்பக்கம் அங்கியின் பெரிய தொப்பிக்குள் பிள்ளை இருக்கிறது. கறுப்பும் பச்சையும் கலந்த கல், நல்ல மினுக்கம். ஆனால் முகத்தைச் சுற்றி, தொப்பியின் மயிர்க்கரையில் மட்டும் கல் வெளுத்து, சொரசொரவென்று, சாம்பல் பூத்துக் கிடந்தது.

எனக்கு அதைக் கண்டதும் எரிச்சல் வந்தது. வீட்டுச் சாமி அலுமாரியில் சின்னக் கருங்கல் பிள்ளையார் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை தோறும் கழுவித் துடைத்து, நல்லெண்ணெய் பூசி, கறுகறுவென்று ஆக்கிவிட்டுத்தான் விளக்குக் கொளுத்துவேன். ஊரில் கும்பாபிஷேகத்துக்கு முன் எண்ணெய்க்காப்பு என்றால் சனம் வெயிலில் வரிசையில் நின்று சாமிக்கு எண்ணெய் வைக்கும். வெளுத்த கல் என்றால் கவனிக்க ஆளில்லாத கல், எங்களுக்கு அவ்வளவுதான். இந்த அம்மா கல்லின் ஆத்மாவைப் பற்றி நாள் முழுக்க அளக்கிறாள், அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் வைக்கத் தெரியவில்லையே என்று நினைத்தேன். அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறது என்பதில் பெரிய சந்தோஷம் வேறு.

மறுநாள் முதலாளியம்மா அச்சகத்துக்குப் போயிருந்தாள். பெரிய ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் வாங்கிய நல்லெண்ணெயில் கொஞ்சத்தை, பிள்ளைகளின் பழைய மருந்துப் போத்தலில் கொண்டுபோயிருந்தேன். பஞ்சில் தொட்டு வைத்தேன். கல் குடித்தது. இரண்டாம் தரம் வைத்தேன், மூன்றாம் தரமும் வைத்தேன். மத்தியானம் அந்த வெள்ளை இருந்த இடமே தெரியவில்லை. தலை முதல் கால் வரை ஒரே கறுப்பு. தள்ளி நின்று பார்த்து, “இப்பதான் ஆள் மாதிரி இருக்கிறாய்” என்று அவளிடம் சொன்னேன். அன்றைக்கு எனக்கிருந்த எடுப்பை இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

பின்னேரம் முதலாளியம்மா வந்தாள். சிலையை ஒரு சுற்றுச் சுற்றினாள். “இன்றைக்கு வெளிச்சம் நன்றாக விழுகிறது” என்றாள். அவ்வளவுதான். சிலையின் முகத்தைச் சுற்றியிருந்த வெள்ளை முழுக்கக் கறுத்துப் போயிருக்கிறது, அது அவள் கண்ணில் படவில்லை. நான் சிரிப்பை அடக்க ஏலாமல் குசினிக்குள் ஓடினேன்.

அந்தச் சிரிப்பு வியாழக்கிழமை வரைதான் நின்றது. அழைப்பிதழ்கள் அச்சாகி வந்தன. முன்பக்கத்தில் அதே சிலையின் படம், நான் எண்ணெய் வைப்பதற்கு முன் எடுத்தது. முகத்தைச் சுற்றி வெள்ளை வளையம், பளிச்சென்று. கிட்டப் பிடித்துப் பார்த்தேன். தூசியும் இல்லை, சாம்பலும் இல்லை. மயிரளவு மெல்லிய கீறல்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒரே பக்கம் சாய்ந்து, நூற்றுக்கணக்கில் இருந்தன. யாரோ உட்கார்ந்து கண் நோகக் கீறியவை. நான் அதைத்தான் எண்ணெய் விட்டு மூடியிருந்தேன்.

சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தேன். ஈரம் இருக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை, காய்ந்ததும் பழைய கறுப்பு. பிள்ளைகளின் பவுடரைக் கொட்டிப் பார்த்தேன். அது கீறல்களில் நிற்காமல் முதுகுப் பிள்ளையின் மூக்குக்குள் போய் அடைத்துக்கொண்டது. அதைப் பல்லுக்குச்சியால் தோண்டி எடுத்தேன். இப்படியொரு கூத்து எந்தக் கலைக்கூடத்திலும் நடந்திருக்காது.

வீட்டுக்குப் போய் இவரிடம் சொன்னேன்.

“இஞ்சருங்கோ, நான் அவவிட்டைச் சொல்லப் போறன்.”

“என்னெண்டு? உங்கட சிலையைப் பழுதாக்கிப் போட்டன், இந்தாங்கோ பேப்பர், கையெழுத்தை வையுங்கோ எண்டோ?”

“அதைச் செய்த மனிசி ஞாயிற்றுக்கிழமை கனடாவிலயிருந்து வாறா. அவவுக்குத் தெரியாமப் போகுமே?”

“தெரிஞ்சாத் தெரியட்டும். செவ்வாய்க்கிழமை டெர்மின். அது முடியுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இரும். கல்லுக்கு விசா தேவையில்லை, எங்களுக்குத்தான் தேவை.”

வாழ்க்கையில் ஒருநாள் மனிதர் சரியாகச் சொன்னார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் திறப்பு. கை கழுவாமல் தொடுவார்கள் என்று அந்தச் சிலைக்கு மட்டும் கண்ணாடிப் பெட்டி போட்டுப் பூட்டியிருந்தோம். முதலாளியம்மாவின் கறுப்புப் பட்டுச் சட்டையில் பொக்கற் இல்லாததால் சாவியை என் ஏப்ரன் பைக்குள் போடச் சொன்னாள். சனம் வருவதற்கு முன்பே ஒரு பல் வைத்தியர் சிலையை வாங்கிவிட்டார். பெட்டியின் மூலையில் சிவப்புப் பொட்டு ஒட்டியாயிற்று.

சிற்பி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், கட்டையான ஆள், தடித்த கண்ணாடி, ஊதா அனோரக் குளிர்ச்சட்டை, ஓட்டச் சப்பாத்து. விட்டுவிட்டு இருமினார். மொழிபெயர்க்க ஒரு கனடாக்காரி கூட வந்திருந்தார். முதலாளியம்மாவின் முகம் ஒரு நிமிஷம் விழுந்தது. தோல் அங்கியும் பாசிமணியுமாக ஆள் இறங்கும் என்று எதிர்பார்த்திருப்பாள்.

கதிரைகளைப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். சிற்பி தன் மொழியில் சொல்ல, கனடாக்காரி ஆங்கிலத்தில் சொல்ல, முதலாளியம்மா அதை ஜெர்மனில் சொன்னாள். நான் பின்னால் தட்டோடு நின்றேன்.

கல் உங்களிடம் என்ன சொல்கிறது என்று ஒரு பெண் கேட்டாள்.

“ஒன்றும் சொல்லாது. எவ்வளவு பெரிய கல் என்று பார்ப்பேன். கரடிக்குக் காணாது என்றால் ஆள் செய்வேன்.”

முதலாளியம்மா மலர்ந்த முகத்தோடு, “கல்லின் விருப்பத்துக்கு அவர் தலைவணங்குகிறார்” என்றாள்.

செதுக்கும்போது என்ன உணர்கிறீர்கள் என்று அடுத்தவர் கேட்டார்.

“முழங்கை நோகும். தூசி நெஞ்சுக்குள் போகும். வெளியில் வைத்துத்தான் செதுக்குவேன், குளிர் கூடினால் விட்டுவிடுவேன். ஆறு பிள்ளைகள், சாப்பிட வேண்டுமே.”

“ஒரு தாயின் வலி கல்லுக்குள் இறங்குவதைப் பற்றிப் பேசுகிறார்” என்றாள் முதலாளியம்மா.

அந்த மண்டபத்தில் ஆங்கிலம் தெரியாத ஆள் ஒருவரும் இல்லை. எல்லாரும் படித்த சனம். அசலைக் காதால் கேட்டுவிட்டு, புலுடாவுக்குக் கை தட்டினார்கள். இதைவிட ஒரு சபையை என்ன சொல்லி ஏசுவது? நான் மனதுக்குள் ஏசிக்கொண்டே தட்டை நீட்டினேன். சிற்பி ஒரு பாண் துண்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அங்கே வேலை செய்து பிழைக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு எழுந்து தன் சிலையிடம் போனார். பெட்டிக்கு முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். முதலாளியம்மா எனக்குக் கண் காட்ட, நான் போய்த் திறந்தேன். அவர் தொப்பிக்கரையில் பெருவிரலை வைத்துத் தேய்த்தார். விரலை மோந்து பார்த்தார்.

“இதை யாரோ மாற்றியிருக்கிறார்கள். இங்கே வெள்ளை இருந்தது. இரண்டு நாள் கீறினேன்.”

முதலாளியம்மா சிரித்தபடி, பெட்டியில் வந்தபடியேதான் இருக்கிறது, வெளிச்சத்தில் அப்படித் தெரியும், இத்தனை சிலை செய்தவருக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்குமா என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. அவள் உண்மையாகவே பார்க்கவில்லை. அழைப்பிதழின் முன்பக்கத்தில் அந்த வெள்ளை இருந்தது, மண்டபத்தில் எல்லார் கையிலும் அந்த அழைப்பிதழும் இருந்தது. ஒருவராவது திருப்பிப் பார்க்கவில்லை.

“ஒரு ஆணி தாருங்கள். நான் சரிபண்ணிவிடுகிறேன்” என்றார் சிற்பி.

விற்றாகிவிட்டது, இனிமேல் தொட முடியாது என்றாள் முதலாளியம்மா. பல் வைத்தியர், தனக்கு இப்படிக் கறுப்பாக இருப்பதுதான் பிடித்திருக்கிறது என்றார். என்னவோ தானே செதுக்கின மாதிரி. உண்மையான கலைஞருக்குத் தன் படைப்பு ஒருநாளும் முடிவதில்லை என்று முதலாளியம்மா சபையைப் பார்த்துச் சொன்னாள். கை தட்டினார்கள். நான் பெட்டியைப் பூட்டினேன். ஒரு வார்த்தை பேச வேண்டிய இடம் அதுதான். கைப்பைக்குள் இருந்த பேப்பரை நினைத்தேன், சாவியைத் திரும்ப ஏப்ரன் பைக்குள் போட்டேன்.

குசினிக்குள் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தபோது சிற்பி தனியாக உள்ளே வந்தார். கனடாக்காரி கூட இல்லை. தண்ணீர்ப் போத்தல் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தார். எட்டி என் பக்கம் சரிந்து மோந்தார். தலைக்கு நான் வைப்பதும் அதே நல்லெண்ணெய்தான். மண்டபப் பக்கம் நாடியால் காட்டி, உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

“நீயா?”

“இல்லை” என்றேன்.

அவர் நான் துடைத்து வைத்த கிளாஸ் ஒன்றை எடுத்து அதில் மூச்சு விட்டார். கண்ணாடியில் வெள்ளையாகப் புகை படிந்தது. அதைக் காட்டிவிட்டு, தன் அனோரக் தொப்பியின் கரையைச் சுற்றி விரலால் கோடு போட்டார்.

“குளிர். அவள் நடக்கிறாள். மூச்சு இங்கே உறையும், வெள்ளை.” கிளாசைக் கீழே வைத்தார். “வெள்ளை இல்லை. மூச்சு இல்லை.”

கையில் துவாயோடு நின்றேன். கவனிக்க ஆளில்லாத கல் என்று நான் தீர்ப்புச் சொன்ன இடம், அந்தப் பெண்ணின் மூச்சு. பிள்ளையை முதுகில் போட்டுக்கொண்டு உயிரோடு நடக்கிறாள் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே அடையாளம். ஜெர்மன்காரருக்குப் பார்க்கத் தெரியாது என்று பல்லைக் காட்டியவள் நான். எனக்குப் பார்க்கத் தெரிந்த லட்சணம் இதுதான்.

சட்டி தேய்க்கும் இரும்பு நார் தொட்டிக் கரையில் கிடந்தது. அவர் அதை எடுத்துக் கைக்குள் வைத்துப் பார்த்தார்.

“பத்து நிமிஷம். அவர்கள் சாப்பிடுகிறார்கள். நீ திற.”

பத்து நிமிஷத்தில் அவர் அந்த வெள்ளையைக் கொண்டுவந்துவிடுவார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. வெள்ளை வந்தால் இவ்வளவு நாளும் அது எங்கே போயிருந்தது என்று முதலாளியம்மா கேட்பாள். மண்டபத்தில் அவளுடைய மானம் போகும், அவள் என் பக்கம் திரும்புவாள். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

“சாவி அவவிட்டை” என்று தமிழில்தான் முதலில் வாயில் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன், சாவி முதலாளியிடம் இருக்கிறது என்று.

நான் திறந்ததையும் பூட்டியதையும் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். என் ஏப்ரன் பையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “சரி” என்றார். இரும்பு நாரைத் தொட்டிக் கரையில் வைத்துவிட்டுப் போனார். அவர் என்னை நாலு கிழி கிழித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெளிக்கிடும்போது எல்லாரும் முதலாளியம்மாவைச் சுற்றி நின்றார்கள். சிற்பி பெட்டியடிக்குப் போய், தன் பெயர் போட்டு ஒட்டியிருந்த அட்டையை நகத்தால் கிளப்பி எடுத்தார். அதை மடித்து அனோரக் பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினார். ஒருவரும் காணவில்லை. நான் கண்டேன்.

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு இரண்டு வருஷம் கிடைத்தது. இவர் வரும் வழியில் எஸ்-பான் ரயிலில், “நான் சொன்னன்தானே” என்று இரண்டு தரம் சொன்னார். அது போகட்டும். எனக்குத் தொண்டையில் நிற்பது திங்கட்கிழமைதான்.

திங்கட்கிழமை காலை முதலாளியம்மா அட்டை இல்லாததைக் கண்டாள். ஒட்டத் தெரியாத அச்சகக்காரனை ஏசினாள். பல் வைத்தியரின் ஆட்கள் மூன்று மணிக்குச் சிலையைப் பெட்டியோடு எடுக்க வருகிறார்கள், பெயர் இல்லாமல் கொடுக்க ஏலாது, நீதான் தட்டச்சு அடிப்பாயே, உடனே ஒன்று அடித்து ஒட்டிவிட்டு உன் பேப்பரைக் கொண்டு வா என்றாள்.

பட்டியலைப் பார்த்து அடித்தேன். நீளமான பெயர், முதல் தரம் ஒரு எழுத்து விடுபட்டுப் போனது, கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப அடித்தேன். அவர் நகத்தால் கிளப்பிய இடத்தில் பழைய பசை இன்னும் இருந்தது. அதற்கு மேலேயே அட்டையை வைத்து, நாலு மூலையும் பெருவிரலால் அழுத்தி ஒட்டினேன். பிறகு என் பேப்பரை எடுத்துக்கொண்டு கையெழுத்துக்குப் போனேன்.